நெல் ரகத்தின் பெயரில் ஒரு பல்கலைக்கழக வரலாறு

விதைக் கடையில் 'கோ 51', 'ஆடுதுறை 43', 'அம்பை 16' என்று கேட்டு வாங்குகிறீர்கள். பெயரின் முதல் பாதி ஓர் ஊர். அந்த ரகத்தை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. கோ என்றால் கோயம்புத்தூர், அம்பை என்றால் அம்பாசமுத்திரம். இந்த ஊர்களை இணைப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கியது, 1906-ல் கோவைக்கு இடம் மாறியது. 1912-ல் கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1920-ல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1971 ஜூன் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. இதற்குள் ஆராய்ச்சி நிலையங்கள் பல மாவட்டங்களுக்குப் பரவிவிட்டன.

கிச்சிலி சம்பாவிலிருந்து தேர்வு செய்து 1921-ல் வெளிவந்த ஜி.இ.பி. 24, சன்ன அரிசிக்குப் பெயர் பெற்றது. அதை ஒரு பெற்றோராகக் கொண்டு உருவான டி.கே.எம். 6, குருத்துப்பூச்சியைத் தாங்கியது. அந்தக் குணத்துக்காகவே பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை ஐ.ஆர். 20 ரகத்தை உருவாக்கப் பயன்படுத்தியது. ஒரு காலத்தில் நம் வயல்களை நிறைத்த ஐ.ஆர். 20-ல் நம் ஊர் நெல்லின் ரத்தமும் ஓடியது.

நிலையங்களை ஊர் ஊராக அமைத்ததற்குக் காரணம் உண்டு. கோவை மண் வேறு, காவிரி டெல்டா மண் வேறு. திருச்சி 1 களர் நிலத்துக்கு ஏற்றது. பரமக்குடி 3 மானாவாரிக்கு ஏற்றது. பக்கத்து ஊரில் நன்றாக விளைந்தது என்பதற்காக மட்டும் ரகத்தை மாற்றாதீர்கள். சம்பாவுக்கான நீண்ட கால ரகத்தைக் குறுவையில் விதைத்தால், கதிர் முற்றும்போது வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். ஒரு போகத்தின் செலவு வீணாகும்.

விதை வாங்கும் முன் கவனியுங்கள்:

* ரகத்தின் வயது, ஏற்ற பட்டம், மண் ஆகியவற்றை வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ கேளுங்கள்.
* ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். காலாவதி நாளைப் பாருங்கள்.
* அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். முளைப்பிலோ கலப்பிலோ குறை வந்தால் அவையே உங்கள் ஆதாரம்.