கைக்குள் அடங்கும் ஹெலிகாப்டர்

வெளிநாட்டில் பணிபுரியும் மாமா அனுப்பிய அட்டைப்பெட்டி ஒன்று வீட்டிற்கு வந்து சேருகிறது. பெட்டியின் மேல் பளபளக்கும் ஹெலிகாப்டரின் படம். ஆவலோடு திறந்த சிறுவனின் முகம் அடுத்த கணமே வாடிவிடுகிறது. உள்ளே ஹெலிகாப்டரைக் காணோம்! சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு தாளில் சில எண்கள், மற்றொரு தாளில் சின்னஞ்சிறு படங்கள். இவ்வளவுதான். "இதற்குப் போய் இத்தனை பணமா?" என்கிறார் தந்தை. "பிள்ளையின் படிப்பைக் கெடுக்க இது ஒன்றுதான் குறைச்சல்" என்கிறார் பாட்டி. பெட்டி பரண்மேல் ஏறிவிடுகிறது.

இவ்வாறு பரணேறிய பெட்டிகள் பல இல்லங்களில் உண்டு. அவற்றைக் கீழே இறக்கலாமா, வேண்டாமா என்பதே இக்கட்டுரையின் பொருள். உண்மையான ஊர்தியை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்து, வண்ணம் தீட்டி வைக்கும் இந்தப் பொழுதுபோக்கு வெறும் காலவிரயமா? விடை காணுமுன், மாதிரிகளோடு பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்த ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள்.

கொட்டகையில் பிறந்த ஊர்தி

ஆர்தர் யங் 1905-ஆம் ஆண்டு பிறந்தவர்; அமெரிக்க ஓவியர் ஒருவரின் மகன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1927-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அவர் மனம் ஹெலிகாப்டரின்மேல் சென்றது. நின்ற இடத்திலிருந்தே எழும்பி, அந்தரத்தில் அசையாது நிற்கக்கூடிய ஊர்தியை எவரும் அந்நாளில் செம்மையாகச் செய்து முடிக்கவில்லை. யங் பெரிய ஊர்தி எதனையும் கட்ட முற்படவில்லை. சிறிய மாதிரிகளைச் செய்யத் தொடங்கினார். மாதிரி உடைந்தால் நட்டம் சொற்பம், உயிர்ச்சேதம் இல்லை, உடைந்த காரணத்தை ஆராய்ந்து மீண்டும் செய்து பார்க்கலாம் என்பது அவர் கண்ட வழி.

மாதிரிகள் உடையவே செய்தன. ஹெலிகாப்டரின் மேல் விசிறி ஒரு திசையில் சுழலும்போது, அதன் உடல் எதிர்த்திசையில் சுழல முற்படும். வாலில் உள்ள சிறு விசிறி பக்கவாட்டில் காற்றைத் தள்ளி அந்தச் சுழற்சியைத் தடுக்கிறது. இதனினும் கடினமான சிக்கல் ஒன்று இருந்தது. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் சிறிது சாய்ந்தால், சாய்ந்த பக்கமே நகரும். பின்னர் எதிர்ப்பக்கம் ஊசலாடும். ஒவ்வோர் ஊசலும் முந்தையதைவிடப் பெரிதாகி, முடிவில் கவிழ்ந்துவிடும்.

யங் 1938-இல் பென்சில்வேனியா மாநிலத்துப் பயோலி என்னும் ஊரில், பண்ணைக் கொட்டகை ஒன்றைத் தம் பட்டறையாக்கிக்கொண்டார். அங்கேதான் வழி பிறந்தது. மேல் விசிறிக்குக் குறுக்காக, இரு முனைகளிலும் எடை கொண்ட ஒரு தண்டினைப் பொருத்தினார். சுழலும் பம்பரம் தன் நிலையை எளிதில் மாற்றிக்கொள்ளாதது போல, சுழலும் அந்தத் தண்டும் தன் தளத்தினின்று எளிதில் சாய்வதில்லை. உடல் சாய்ந்தாலும் தண்டு சாயாமல் நின்று, விசிறி இறக்கைகளின் கோணத்தைத் திருத்திக் கொடுத்தது. மாதிரி அந்தரத்தில் அமைதியாக நின்றது.

1941-ஆம் ஆண்டு அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு பஃபலோ நகரின் பெல் விமானத் தொழிற்சாலைக்குச் சென்றார் யங். அங்கு அதனைப் பறக்கவிட்டுக் காட்டியதும் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நகருக்கு அருகே கார்டன்வில் என்னுமிடத்தில் சிறு குழுவோடு அவர் உருவாக்கிய முழு அளவு ஊர்தி 1942 டிசம்பரில் தரையை விட்டு எழுந்தது. அதன் வழிவந்த பெல் 47, 1946-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் பொதுமக்கள் பயன்பாட்டிற்கான அமெரிக்க அரசின் சான்றிதழைப் பெற்றது. அத்தகைய சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் அதுவே. பின்னர் இத்தாலி, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நாடுகளிலும் உரிமம் பெற்று அது கட்டப்பட்டது. மொத்தத்தில் 5,000-க்கும் மேற்பட்டவை உருவாயின. நம் இந்திய விமானப் படையிலும் அது பணிபுரிந்ததுண்டு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984-இல் பெல் 47 ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஓவியரின் மகன் செய்த ஊர்தி கலைக்கூடத்தில் இடம்பெற்றது பொருத்தமே.

எழுபத்திரண்டில் ஒன்று

மாதிரிகளின் பெட்டிமீது 1/72, 1/48 என எண்கள் காணப்படும். உண்மை ஊர்தியின் 72 அங்குலம் மாதிரியில் 1 அங்குலமாகச் சுருக்கப்பட்டுள்ளது என்பதே முதல் எண்ணின் பொருள். ஆறடி உயர மனிதர் இந்த அளவில் ஓர் அங்குலமே இருப்பார். முற்கால பெல் 47-இன் மேல் விசிறி ஏறத்தாழ 35 அடி நீளம். 1/72 அளவில் அது 6 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாகவும், 1/48 அளவில் 9 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாகவும் அமையும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விகிதக் கணக்கு விளங்கவில்லையா? அடிக்கோலையும் மாதிரியையும் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இந்த 1/72 அளவு ஒரு காலத்தில் பெரும்பணி ஆற்றியது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, தன் வீரர்கள் விமானங்களை அடையாளம் காணப் பழகுவதற்காக ஐந்து இலட்சம் மர விமான மாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. 35 அடி தொலைவிலிருந்து பார்க்கப்படும் 1/72 மாதிரி, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தின் தோற்றத்தையே தரும். 35-ஐ 72-ஆல் பெருக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

கையில் எடுப்போம்

பெல் 47 மாதிரியொன்றைச் செய்வதாகவே வைத்துக்கொள்வோம். முதல் வேலை ஒட்டுவதன்று, படிப்பது. செய்முறைத் தாளை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். அடுத்து, பிளாஸ்டிக் சட்டங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். வார்ப்பச்சின் எண்ணெய்ப் பசை எஞ்சியிருந்தால் வண்ணம் பிடிக்காது. உறுப்புகளைச் சட்டத்தினின்று பிய்த்தெடுக்கலாகாது. நகவெட்டி அல்லது சிறு கத்தியால் வெட்டியெடுத்து, எஞ்சிய பிசிறை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்க வேண்டும்.

மாதிரிகளுக்குரிய பசை, நாம் தாளுக்கு இடும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக உருகச் செய்கிறது. ஆகவே துளியளவே போதும். மிகுந்தால் உறுப்பின் வடிவமே கெட்டுவிடும். ஒட்டும் முன், பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்ப்பது நல்லது. இணைப்பில் இடைவெளி தெரிந்தால், சுவருக்குப் பட்டி பார்ப்பது போலவே இதற்கும் பட்டி வைத்து, உலர்ந்தபின் நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யலாம்.

பெல் 47 இரண்டு இடங்களில் நம் பொறுமையைச் சோதிக்கும். ஒன்று, அதன் வால். தகடு போர்த்தப்படாத வெறும் கம்பிச் சட்டமாகிய அதன் பக்கங்களை ஒன்றோடொன்று பொருத்துகையில் சிறிது கோணினாலும் வால் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். துணிக்கிளிப்பால் மெதுவாகப் பிடித்துவைத்து, ஓர் இரவு முழுவதும் உலரவிடுவதே நலம். மற்றொன்று, முன்புறத்துக் கண்ணாடிக் குமிழ். இதனை உடனடியாக ஒட்டும் சூப்பர் பசையால் ஒட்டவே கூடாது. அப்பசையின் ஆவி பட்டுக் கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே இதற்கு ஏற்றது; உலர்ந்ததும் அது நிறமற்றுத் தெளிந்துவிடும். குமிழின் உட்புறத்தில் விரல்ரேகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய பின் துடைக்க வழியில்லை.

வண்ணம் தீட்டுதல்

குமிழ் வழியே இருக்கைகள், கருவிப்பலகை, கைப்பிடிகள் அனைத்தும் தெரியும். எனவே உள்ளே தீட்ட வேண்டியவற்றை முதலில் தீட்டிவிட்டே மூடவேண்டும். வெளிப்புறத்திற்கு முதலில் மெல்லிய பிரைமர் பூச்சு. அதில் கீறல்களும் பள்ளங்களும் வெளிப்பட்டுவிடும். அவற்றைச் சரிசெய்தபின் வண்ணம். கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட, மெல்லியதாக இருமுறை மும்முறை பூசுவதே சிறந்தது. எனாமல் பெயின்டிற்கு டர்பன்டைனும், அக்ரிலிக் பெயின்டிற்கு நீரும் கலந்து இளக்கலாம். மழைக்காலத்து ஈரக்காற்றில் வார்னிஷ் தெளித்தால் அது வெண்படலமாகப் படிந்துவிடுவதுண்டு. வெயில் காயும் நாளுக்காகக் காத்திருங்கள். சிறிய மாதிரியில் உண்மை வண்ணம் கருத்துத் தோன்றும். ஆதலால் அதில் சிறிது வெள்ளை கலப்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம்.

எஞ்சின் பகுதியில், மிகவும் நீர்த்த கறுப்பு வண்ணத்தை ஓடவிட்டால் அது இடுக்குகளில் தங்கி ஆழத்தைக் காட்டும். பிறகு, தூரிகையில் வெள்ளி வண்ணம் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் இலேசாக வருடினால், தேய்ந்த உலோகம் போன்ற தோற்றம் கிட்டும்.

சின்னங்களும் எழுத்துகளும் தாளில் அச்சிட்டு வரும். அவற்றை நீரில் ஊறவைத்து, சாமணத்தால் பிடித்து, இடம் பார்த்து வழுக்கி ஒட்டவேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும். எனவே முதலில் அவ்விடத்தில் பளபளப்பான வார்னிஷ் பூசி, ஒட்டியபின் மங்கலான வார்னிஷால் மூடுவர். விசிறி இறக்கைகள் பெட்டியில் நேராகவே இருக்கும். ஆனால் நின்றிருக்கும் ஹெலிகாப்டரில் அவற்றின் நுனிகள் தம் எடையால் சற்றே தாழ்ந்திருக்கும். சூடான நீரில் நனைத்து மெல்ல வளைத்துவிட்டால் மாதிரிக்கு உயிர் வந்துவிடும். அந்த வேலையைப் பெரியவர்களே செய்யட்டும்.

பக்கவாட்டில் இரு படுக்கைகள்

எந்த வண்ணத்தைத் தீட்டுவது? இக்கேள்விதான் நம்மை வரலாற்றிற்கு அழைத்துச் செல்கிறது. கொரியப் போர்க் காலத்து மாதிரியாயின், கரும்பச்சை கலந்த பழுப்பு நிறமும், வெள்ளைக் கட்டத்தில் செஞ்சிலுவையும் வேண்டும். பெட்டியினுள் இரண்டு நீண்ட துண்டுகள் கிடக்கும். சறுக்குச் சட்டங்களின்மேல் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தவேண்டிய அவை யாவை? காயமுற்றோரைக் கிடத்தும் படுக்கைகள்! உள்ளே இடமில்லாமையால், குண்டடிபட்ட வீரர்களை ஊர்தியின் வெளிப்புறத்தில் கட்டிவைத்து மலைகளைக் கடந்து மருத்துவ முகாம்களுக்குக் கொண்டு சென்றனர். சாலையில் பல மணி நேரம் குலுங்கிச் சென்றால் பிழைக்கமாட்டாதவர்கள் சில நிமிடங்களில் அறுவை மேசையை அடைந்தனர். 1953-இல் போர் ஓய்வதற்குள் ஏறத்தாழ 18,000 பேரை இவ்வூர்திகள் சுமந்து சென்றதாகக் கூறப்படுகிறது.

இதனை அறியாமல் அந்தத் துண்டுகளை ஒட்டும் பிள்ளைக்கு அவை பிளாஸ்டிக். அறிந்து ஒட்டும் பிள்ளைக்கு அவற்றில் ஒரு மனிதன் கிடக்கிறான். போர்க்கருவிகளின் மாதிரியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா எனத் தயங்கும் பெற்றோர் உண்டு, அத்தயக்கம் நியாயமானதே. பீரங்கியை வியக்கப் பழக்குவது வேறு. போர் மனிதனுக்கு என்ன செய்தது, அவனை மீட்க எவ்வளவு பாடுபட்டனர் என்று உடனமர்ந்து எடுத்துச் சொல்வது வேறு. தாயோ தந்தையோ அருகில் இருந்து சொல்லவேண்டிய பாடம் அது.

சில எச்சரிக்கைகள்

பசையும் தின்னரும் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றின் ஆவியைச் சுவாசிப்பது தீங்கு. சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிற்கும் விளக்கிற்கும் எட்டவே அமர்ந்து வேலை செய்யவேண்டும். கத்தியை உடலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்த வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் சிறு உறுப்புகளைத் தரையில் சிதறவிடலாகாது, வாயில் போட்டுக்கொள்ளும். பரீட்சை நாட்களில் பெட்டி மூடியிருக்கட்டும். அதுவும் ஒரு பயிற்சியே. விலையுயர்ந்த பெரிய மாதிரியோடு தொடங்க வேண்டியதில்லை. 1/72 அளவுச் சிறியதே போதும். அதற்கும் வசதியில்லையெனில் அட்டை, தீக்குச்சி, மென்மரம் கொண்டு செய்யலாம். ஆர்தர் யங்கிற்கும் எவரும் பெட்டி வாங்கித் தரவில்லை.

முதல் மாதிரி கோணலாகத்தான் வரும். வால் முறுக்கியிருக்கும், குமிழில் விரல்ரேகை தெரியும். கேலி செய்யாதீர்கள். எங்கே தவறியது என்று பிள்ளையையே கேளுங்கள், அவனே சொல்லுவான். தன் பிழையைத் தானே கண்டு, பிறர் திட்டாமலே திருத்திக்கொள்ளும் பழக்கம் மேசைமீது வந்துவிட்டால், அது பள்ளிக்கும் பிற்காலப் பணிக்கும் அவனோடு செல்லும். பெண் பிள்ளைகளுக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

பன்னிரண்டு ஆண்டுகள் மாதிரிகளோடு இருந்த யங்கைக் கண்டு, வேலையற்றவன் என்று அந்நாளில் எவரேனும் எண்ணியிருந்தால் வியப்பில்லை. அந்த மாதிரிகளின் வழியில் வந்த ஊர்திதான் ஆயிரக்கணக்கான தாய்மாரிடம் அவர்தம் மக்களை உயிரோடு திருப்பிக் கொடுத்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அவரைப்போல் ஆவார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆயினும், தந்தையும் பிள்ளையும் ஒரே விளக்கின்கீழ் அமர்ந்து, ஒரே சிறிய பொருளைக் கவனமாகப் பார்க்கும் மாலைப்பொழுதுகள் எத்தனை இல்லங்களில் உள்ளன?

வரும் விடுமுறையில் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். தூசியைத் துடைத்து, செய்முறைத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டியும் அருகில் அமரட்டும்; வண்ணம் எது பொருந்தும் என்று அவர் சொல்வதையும் கேட்போமே!