ஆஸ்பத்திரிக்குள் ஃப்ளூ பரவாமல் தடுப்பது எப்படி?

காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கும் இடமே காய்ச்சலைப் பரப்பும் இடமாகிவிடக் கூடாது. ஃப்ளூவில் இந்த ஆபத்து அதிகம். ஏன்? அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து வைரஸ் பரவத் தொடங்கிவிடும்.

அதனால் சீசனுக்கு முன்பே ஏற்பாடு தொடங்குகிறது. டாக்டர், நர்ஸ் முதல் துப்புரவுப் பணியாளர் வரை தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாகச் சுமார் 2 வாரம் ஆகும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஊசி ஆண்டுதோறும் தேவை.

அடுத்தது, வாசலிலேயே பிரிப்பது. இருமலும் காய்ச்சலுமாக வருபவருக்கு உடனே முகக்கவசம், தனி வரிசை. தனி அறை கிடைக்காவிட்டால், ஃப்ளூ உறுதியானவர்களை ஒரே வார்டில், கட்டில்களுக்கிடையே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி விட்டு வைப்பார்கள். மூச்சுக்குழாயில் டியூப் செருகும்போது நுண்துளிகள் காற்றில் மிதக்கும். அங்கே என்95 முகக்கவசம் கட்டாயம்.

கட்டில் கம்பி, கதவுப் பிடி போன்ற வழவழப்பான பரப்புகளில் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். எனவே அவற்றைக் கிருமிநாசினியால் துடைக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்னும் பின்னும் சானிடைசரை உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி தேய்க்கிறார்கள்.

மிச்சம் நம் கையில். உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் நோயாளியைப் பார்க்கப் போகாதீர்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வேறொருவரிடம் கொடுத்தனுப்பலாம்.