கைக்குள் அடங்கிய திரையும் கலங்கும் இல்லறமும்

பசறையிலிருந்து பதுளைக்கு வரும் காலை பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். பின் ஆசனத்தில் பாடசாலைச் சீருடையில் இரண்டு பையன்கள் இருப்பார்கள். ஒரே கையடக்கத் தொலைபேசியின் மேல் இரண்டு தலைகளும் கவிழ்ந்திருக்கும். அது கிரிக்கெட்டாக இருக்கலாம், சினிமாப் பாட்டாக இருக்கலாம், ஆசிரியர் அனுப்பிய பாடக் குறிப்பாகவும் இருக்கலாம். பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொள்வது நமது கடமை. ஆனால் உங்கள் நிழல் பட்டதும் அந்தத் திரை சட்டென்று இருண்டு போனால் உங்கள் மனதில் ஒரு கேள்வி எழும். அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

இது கூச்சமான விடயந்தான். நல்ல குடும்பங்களில் வாசிக்கப்படும் ஒரு சஞ்சிகையில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நாம் எழுதாமல் விட்டதால் எந்தப் பிள்ளையும் பார்க்காமல் விடவில்லை என்பதே எமது பதில்.

ஊவாவின் தோட்டங்களுக்குத் திரை எப்படி வந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை வந்தடைந்த காலத்தில் மலைக்குமேல் செய்தி கால்நடையாகத்தான் ஏறியது. பின்னர் வானொலி வந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அன்று பெரும்பாலான லயங்களில் மின்சாரம் இல்லை. கார் பெற்றரியில்தான் தொலைக்காட்சிப் பெட்டி ஓடியது. பெற்றரி இறங்கிவிட்டால் அதைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். ஆகவே பெட்டி ஒரு காம்பராவில் இருந்தாலும் பார்ப்பவர்கள் லயம் முழுவதும் இருந்தார்கள். பாயில் பாட்டி, வாசற்படியில் அண்ணன்மார், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து லயத்துப் பிள்ளைகள். திரையில் விரசமான பாட்டொன்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் செருமுவார். இன்னொருவர் பெற்றரியைக் காரணம் காட்டிப் பெட்டியை அணைத்துவிடுவார். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அந்தச் செருமலே போதுமானதாக இருந்தது.

பிறகு வாடகைக்கு வீடியோ டெக் வந்தது. பகலில் குடும்பப் படம் ஓடியது. சில இடங்களில் நள்ளிரவுக்குப் பின், கதவைச் சாத்திக்கொண்டு, நீலப்படம் என்று மெல்லிய குரலில் சொல்லப்பட்டது ஓடியது. தொண்ணூறுகளில் சிங்களத் திரையரங்குகளை 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற பலகை ஆக்கிரமித்துக் கொண்டதும், குடும்பங்கள் தியேட்டர் பக்கம் போவதைக் குறைத்துக் கொண்டதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1993இல் தமிழகத்தில் சன் தொலைக்காட்சி ஆரம்பமாகியது. காலப்போக்கில் தகரக் கூரைகளின் மேல் டிஷ் அன்ரனாக்கள் முளைத்தன. 1995இல் இலங்கைக்கு வர்த்தக ரீதியான இணையம் வந்தது. ஆனால் அது மலையேறி லயத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் எடுத்தன. அப்படி வந்தபோது அது கணினியாக வரவில்லை, தொலைபேசியாக வந்தது.

இங்கேதான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. ஆபாசம் புதிதல்ல, அது எக்காலத்திலும் எங்கோ ஒரு மூலையில் இருந்தே வந்திருக்கிறது. புதிதாக வந்தது தனிமை. லயத்தின் பொதுக் கண்ணுக்கு முன்னால் இருந்த திரை, போர்வைக்குள் ஒற்றை உள்ளங்கைக்கு இடம்பெயர்ந்து விட்டது. செருமுவதற்கு அங்கே பாட்டி இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த இடப்பெயர்வு ஒரே பாய்ச்சலில் முடிந்தது. தொலைபேசிதான் புத்தகப் பை என்றாகியது. ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையத் தொடர்பு கிடைப்பதற்காகக் காட்டுவழி நடந்து பாறை ஏறிப் பாடம் படித்த செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தோட்டங்களிலும் அதே கதைதான். நாட்சம்பளத்தில் வாழும் பெற்றோர் கடன்பட்டுத் தொலைபேசி வாங்கினார்கள். உம்மா அல்லது அம்மா வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தால் அங்கிருந்து பணம் வந்தது. இந்தத் தியாகத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆயினும் சிந்தித்துப் பாருங்கள்: பதின்மூன்று வயதுப் பேரனின் கையிலிருக்கும் தொலைபேசியில் என்ன இருக்கிறது என்று, எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டி எப்படிக் கண்காணிப்பார்? பாடத்துக்காகத் திறந்த கதவு பாடம் முடிந்ததும் தானாகச் சாத்திக்கொள்வதில்லை.

இங்கிலாந்தில் சிறுவர் ஆணையாளர் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்குள்ள பிள்ளைகள் முதன்முதலாக ஆபாசக் காட்சியைக் காணும் சராசரி வயது 13. பத்தில் ஒருவர் 9 வயதுக்குள்ளேயே கண்டிருந்தனர். அது வெள்ளைக்காரன் நாடுதானே என்று தள்ளிவிடாதீர்கள். அங்கே ஓடும் அதே தளங்கள்தான் லுணுகலையிலும் ஓடுகின்றன.

பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் வாலிபர்களும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்களான டோல்ஃப் ஸில்மான், ஜெனிங்ஸ் பிரயன்ட் ஆகிய இருவரும் இக்கேள்வியையே எண்பதுகளில் எடுத்துக்கொண்டார்கள். சாதாரண கல்லூரி மாணவர்களுக்கு ஆறு வாரங்கள் ஆபாசப் படங்கள் காட்டப்பட்டன. பின்னர் ஒரு பாலியல் வல்லுறவு வழக்கைக் கொடுத்து, குற்றவாளிக்கு எத்தனை ஆண்டுச் சிறை வழங்கலாம் என்று கேட்டார்கள். அதிகம் பார்த்தவர்கள் குறைந்த தண்டனையே போதும் என்றார்கள். மாணவிகளும் அப்படியே சொன்னார்கள் என்பதுதான் வேதனை. இது 1982இல் வெளியானது. 1988இல் வெளியான அவர்களது இன்னோர் ஆய்வில், இப்படங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் தமது துணையின் தோற்றத்திலும் அன்பிலும் முன்னைவிடக் குறைந்த திருப்தியையே வெளியிட்டனர். துணையில் எந்த மாற்றமும் இல்லை. பார்த்த கண்தான் மாறியிருந்தது. இத்தகைய ஆய்வுகளைப் பற்றி அறிஞர்களிடையே வாதங்கள் இன்றுவரை தொடர்கின்றன, எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்கும் என்று எவரும் சொல்வதற்கில்லை. எனினும் அந்தத் திருப்தியின்மை எப்படிப்பட்டதென்று குடும்பப் பிணக்குகளைத் தீர்த்து வைக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் தெரியும்.

ஒரு புதுமணத் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். மணமகனுக்கு இல்லறத்தைப் பற்றி வாப்பா ஒரு சொல் சொல்லவில்லை. ஆசிரியர் அந்தப் பாடத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். சிநேகிதர்கள் திரையைத்தான் காட்டினார்கள். அத்திரையில் காண்பது நடிப்பு, பணத்துக்காகவும் சிலபோது பலவந்தத்துக்காகவும் செய்யப்படுவது, வெட்டி ஒட்டப்பட்டது. பெண்ணுக்கு வலி இல்லை, களைப்பு இல்லை, வேண்டாம் என்ற சொல்லே இல்லை. மறுபுறம் மணமகளுக்கு எதுவுமே சொல்லப்படவில்லை; அல்லது சின்னத்திரைத் தொடர்கள் சொல்லியிருக்கின்றன. அவள் எதிர்பார்ப்பது இனிய சொல். அவன் எதிர்பார்ப்பது அவன் கண்ட காட்சி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவாக இருந்தால், அதே அறையில் மாமியாரும் கொழுந்தன்மாரும் தடுப்புத் துணிக்கு அப்பால் படுத்திருப்பார்கள். மெதுவாகப் பேசிப் பழகக்கூட இடமில்லாத வீட்டில் முதல் மாதத்திலேயே முகம் திரும்பிவிடுகிறது. காரணத்தை வெளியே சொல்லவும் முடியாது. சீதனம், சமையல், மாமியார் என்று வேறு காரணங்கள் முன்னுக்கு வருகின்றன.

ஆபாசப் படத்தை மட்டும் குற்றம் சாட்டி ஒதுங்கிக்கொள்வதும் நீதியாகாது. குடும்பத்தோடு அமர்ந்து நாம் பார்க்கும் சினிமாவில் நடப்பது என்ன? கதாநாயகி வேண்டாம் என்கிறாள். கதாநாயகன் பஸ் நிலையத்தில் நிற்கிறான், வழிமறிக்கிறான், பாட்டுப் பாடுகிறான். இறுதியில் அவள் சிரித்துவிடுகிறாள். வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் துரத்து என்று பொருள் என்பதைத் தமிழ்ச் சினிமா இரண்டு மூன்று தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 2016 ஜூன் 24ஆம் திகதி சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலைவேளையில், பலர் பார்த்திருக்க, ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது இந்த விவாதம் தமிழகத்தில் பெரிதாக எழுந்தது. கொழுந்து மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், பின்னால் வரும் விசில் சத்தத்தைக் கேட்டு நடையை விரைவுபடுத்தும் பெண் பிள்ளைகளுக்கு அந்த விவாதம் அந்நியமானதல்ல.

திரை ஒரு சமூகத்தை எத்தனை விரைவில் மாற்றும் என்பதற்குப் பிஜித் தீவு ஓர் உதாரணம். அங்கு நட்ரோகா மாகாணத்துக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும் மூன்று ஆண்டுகள் கழித்தும் ஆன் பெக்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் பாடசாலை மாணவியரைச் சோதித்தார். பருத்த உடலை அழகென்று கொண்டாடிய சமூகம் அது. உணவு தொடர்பான மனக்கோளாற்றின் அறிகுறி காட்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்தனர். மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் முதலில் ஒருவரிடமும் இருக்கவில்லை, 1998இல் 11.3 சதவீதத்தினரிடம் காணப்பட்டது.

அதேவேளை மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலக் கிராமங்களில் கேபிள் தொலைக்காட்சி வந்த பின், மனைவியை அடிப்பது சரிதான் என்று ஏற்றுக்கொள்ளும் பெண்களின் தொகை குறைந்ததை ஜென்சன், ஒஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2009இல் வெளியான ஆய்வில் காட்டியுள்ளனர். மகனே வேண்டும் என்ற ஆசையும் குறைந்திருந்தது. ஆகவே பெட்டியை உடைத்தெறியுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை.

பார்ப்பவன் ஒருநாள் படம்பிடிப்பவனாகவும் மாறுகிறான். தமிழகத்தின் பொள்ளாச்சியில் நட்பாகப் பேசிப் பெண்களை அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதைப் படம்பிடித்து மிரட்டி வந்த ஒரு கூட்டம் 2019இல் அம்பலமாகியது. கல்லூரி மாணவி ஒருவர் துணிந்து முறைப்பாடு செய்ததால்தான் அது வெளிவந்தது. 2025 மே 13ஆம் திகதி கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேரையும் குற்றவாளிகளாகக் கண்டு சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த மாணவிக்கு முன்னர் பலர் வாய்மூடியிருந்தார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமே மிரட்டியவர்களின் மூலதனம். இந்தப் பயம் நமது வீடுகளில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

நமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் 1927ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிள்ளைகளை ஆபாசமாகப் படம்பிடிப்பதும் அத்தகைய படங்களை வைத்திருப்பதும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றமாக்கப்பட்டன. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 2009இல் நீதிமன்ற உத்தரவின்படி சில ஆபாசத் தளங்கள் தடை செய்யப்பட்டன. ஒன்றைத் தடுத்தால் ஒன்பது முளைக்கும் என்பதை அன்றே பலர் உணர்ந்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? நமது குடும்பங்களில் வழமையாக நடப்பது, மகளின் தொலைபேசியைப் பறிப்பது. மகனின் தொலைபேசியை யார் பார்க்கிறார்கள்? திருமறையின் ஸூரா அந்நூரில் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படியான கட்டளை முதலில் ஆண்களுக்கும், அதற்கு அடுத்த வசனத்திலேயே பெண்களுக்கும் வருகிறது. அந்த வரிசையை நமது வீடுகள் எப்படித் தலைகீழாக மாற்றிக்கொண்டன என்று தெரியவில்லை. வாப்பாவின் தொலைபேசிக்கு இரகசிய எண் இருக்க, மகனின் தொலைபேசியில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டாலும் அது ஓடாது. இரவில் எல்லாத் தொலைபேசிகளும், பெரியவர்களுடையதும் சேர்த்து, முன் காம்பராவில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும்.

மகன் எதையோ பார்த்துவிட்டான் என்று தெரியவந்தால் அடிக்காதீர்கள். அடிபட்டவன் மறைக்கக் கற்றுக்கொள்வான், நிறுத்தக் கற்றுக்கொள்ள மாட்டான். அவன் கண்டது நடிப்பு என்பதை வாப்பா சொல்ல வேண்டும். வாப்பாவுக்கு வாய் வராவிட்டால் மாமா சொல்லட்டும், நம்பிக்கையான ஆசிரியர் சொல்லட்டும். மகளிடம் உம்மா பேசட்டும். நமது பிரதேசங்களின் குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணிகளை மட்டுமன்றிப் புதுமணத் தம்பதியரையும் பதிந்து ஆலோசனை வழங்குகிறார்கள். கலியாண வேலைகளுக்கு நடுவே அவரை ஒருதரம் சந்திப்பதற்கு மண்டபச் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

ஒரு பெண் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு எவனாவது மிரட்டினால் பணம் அனுப்ப வேண்டாம், சந்திக்கவும் போக வேண்டாம். அவன் அனுப்பிய செய்திகளைப் பயத்தில் அழித்துவிடவும் வேண்டாம், அவைதான் சாட்சி. பிள்ளைகள் என்றால் 1929, பெண்கள் என்றால் 1938. இரண்டு எண்களிலும் தமிழில் பேசலாம். அழைக்கும்போது பக்கத்தில் உம்மாவோ ராத்தாவோ உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் இலகுவாக வரும்.