துருவை மறைப்பதும் நிறுத்துவதும்

புனே நகரம் ஒரு காலத்தில் மிதிவண்டிகளின் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது. இன்று அதன் சாலைகளில் மோட்டார் வாகனங்களே மிகுதி. ஆயினும், கோர்படியின் இரயில்வே, இராணுவக் குடியிருப்புகளில் மாடிப்படிகளின் கீழே பழைய மிதிவண்டிகளை இன்றும் காணலாம். பணி மாற்றம் பெற்றுச் செல்லும் குடும்பங்கள் அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுச் செல்வதுண்டு. அகன்ற டயர்களும் பல பற்சக்கரங்களும் கொண்ட மலை மிதிவண்டி ஒன்று அவ்வாறு கிடைத்தால், அதன் துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அலட்சியமாக இருத்தலும் ஆகாது.

மலை மிதிவண்டி பிறந்ததே பழைய வண்டிகளிலிருந்துதான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து இளைஞர் சிலர், 1930, 1940-களில் செய்யப்பட்ட கனத்த மிதிவண்டிகளை மலிவாக வாங்கிச் செப்பனிட்டு, மரின் வட்டாரத்து மலைப்பாதைகளில் ஓட்டினர். செங்குத்தான சரிவில் இறங்கி முடிப்பதற்குள், பின்சக்கர பிரேக்கினுள் இருந்த கிரீஸ் வெப்பத்தால் புகைந்து போகும். மீண்டும் கிரீஸ் அடைத்த பின்னரே அடுத்த முறை ஓட்ட இயலும். வெளித்தோற்றத்தைவிட உள்ளுறுப்புகளின் நலமே முதன்மையானது என்பதை அவர்கள் இவ்வாறு அறிந்தனர்.

துரு என்பது அழுக்கன்று. இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடும்போது உண்டாகும் புதிய பொருள் அது. இரும்பே துருவாக மாறுவதால், துரு வளர வளர இரும்பு குறைகிறது. அலுமினியத்தின் மேல் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம் இறுகப் பற்றிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ செதிள் செதிளாகப் பெயர்ந்து, ஈரத்தை மேலும் உள்ளே விடும். ஆகவே, துருவின் மேல் வண்ணம் பூசினால் அது மறையுமேயன்றி நிற்காது.

எனவே, முதல் வேலை தேய்ப்பதன்று, ஆராய்வதே ஆகும். இருக்கையின் தண்டு நுழையும் இடம், மிதிகளின் அச்சு பொருந்தியுள்ள அடிப்பகுதி, குழாய்கள் பற்றவைக்கப்பட்ட இணைப்புகள் ஆகியவற்றில் மழைநீர் தங்கும். அங்கே திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினாலோ, மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டாலோ, அவ்வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. விரைந்து செல்லும்போது சட்டகம் முறிந்தால் உயிருக்கே தீங்கு நேரும்.

மேற்பரப்பில் மட்டும் படிந்த துருவை அகற்றுவது எளிது. தமிழர் இல்லங்களில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவர். புளியின் அமிலம் பித்தளையின் கறையைக் கரைப்பதுபோல, வினிகரின் அமிலம் இரும்பின் துருவைக் கரைக்கும். கழற்றிய திருகுகளையும் மரைகளையும் ஓரிரவு வினிகரில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாம். பின்னர்ச் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். அமிலம் எஞ்சினால் நல்ல இரும்பையும் அரித்துவிடும். சட்டகத்தை உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, முதலில் ரெட் ஆக்சைடு பூச்சும் அதன்மேல் வண்ணமும் பூச வேண்டும்.

சங்கிலியை அமிலத்தில் இடலாகாது; மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் இட்டால் போதும். சங்கிலியின் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே அரை அங்குலம் இருக்கும். எனவே, 24 இடைவெளிகள் 12 அங்குலம் ஆகும். அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது 1/8 அங்குலம் கூடுதலாக இருந்தால், சங்கிலி தேய்ந்துவிட்டது என்று பொருள். அதனை மாற்ற வேண்டும். இழை அறுந்த பிரேக் கம்பியையும் இறுகிப்போன பிரேக் கட்டையையும் மாற்றுவதில் சிக்கனம் பார்த்தல் கூடாது.

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்நாள்களில் நனைந்த வண்டியை அன்றே துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுவது நன்று. மற்றொரு பணி மாற்றத்தின்போது அவ்வண்டி வேறொரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ உரியதாகலாம். அதன் புதிய வண்ணத்திற்கு அடியில் துரு ஒளிந்திருக்கவில்லை என்று சொல்லிக் கொடுக்க முடிந்தால், அதுவே செம்மையாகச் செய்த வேலை.