சொன்னால் கைப்பேசி போய்விடுமோ?

முன்பெல்லாம் பிள்ளைகளின் நண்பர்கள் யார் என்பதை வீட்டு வாசலே சொல்லிவிடும். இன்று பதின்பருவத்தினரின் நட்பில் பெரும்பகுதி இன்ஸ்டாகிராமிலும் இணைய விளையாட்டுகளின் உரையாடல்களிலும் வளர்கிறது. இதனை முற்றிலும் தீங்கென ஒதுக்கிவிட இயலாது. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் அடிக்கடி பள்ளி மாறும் பிள்ளைக்குப் பழைய தோழமையைக் காத்துத் தருவதும் அதே இணையந்தான்.

ஆயினும், முகமறியா நண்பர் சிலர் நம்பிக்கையைப் பெற்றபின் எதையேனும் கேட்கத் தொடங்குகின்றனர். அந்தரங்கமான ஒரு புகைப்படம், ஓர் ஓடிபி, அல்லது ஒரு 'சிறு உதவி': "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை நான் சொல்பவருக்கு அனுப்பிவிடு." இவ்வாறு வருவது பெரும்பாலும் பிறரை ஏமாற்றிப் பெற்ற பணமாக இருக்கும். கணக்கை இரவல் தந்தவரும் விசாரணைக்கு உள்ளாக நேரும், கணக்கும் முடக்கப்படலாம்.

சிக்கிக்கொண்ட பிள்ளை எளிதில் வாய் திறப்பதில்லை. ஏமாந்துவிட்டோம் என்னும் வெட்கம் ஒருபுறம். சொன்னால் கைப்பேசி பறிபோகும், அதனுடன் நண்பர்களும் போய்விடுவர் என்னும் அச்சம் மறுபுறம். மிரட்டுபவர் நம்பியிருப்பது இந்த மௌனத்தையே. உறக்கமின்மை, உணவில் நாட்டம் குறைதல், கைப்பேசி ஒலித்ததும் பதறுதல், கணக்கில் காரணம் கூற இயலாத சிறு தொகைகள் ஆகியவற்றைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் அருகமர்ந்து கேட்பது நலம்.

"எது நேர்ந்தாலும் எங்களிடம் சொல், சொன்னதற்காகக் கைப்பேசியைப் பறிக்கமாட்டோம்" என்னும் உறுதியைப் பெற்றோர் முன்கூட்டியே அளித்துவிடலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணிலும் தங்கள் வங்கியிலும் புகார் செய்க. விரைந்து தெரிவித்தால், பணம் வேறு கணக்குகளுக்கு நகருமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. மிரட்டல் செய்திகளை அழித்துவிடாதீர், அவையே சான்று. மனம் தளர்ந்த பிள்ளைக்கு, நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்னும் எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் மிகையான இணையப் பயன்பாட்டுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவும் உண்டு.

பத்து வயது நிறைந்த சிறார், வங்கி விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுச் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. அவ்வாறு கணக்கு வைத்துள்ள பிள்ளைகளுடன் மாதம் ஒருமுறை அமர்ந்து கணக்கு விவரத்தைப் பார்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பணத்தைப் பற்றித் தயக்கமின்றிப் பேசப் பழகிய பிள்ளைக்குப் பிற கவலைகளைச் சொல்வதும் எளிதாகும்.