ஜிம் இல்லாத இடத்தில் ஜவானின் உடம்பு



"பட்டாளத்துக்காரன் உடம்புடா" என்று ஊரில் சொல்வார்கள். அந்த உடம்பு எப்படி வந்தது என்பது பாதிக் கதைதான். எல்லையில் ஒரு பங்கருக்குள் மாதக்கணக்கில் கிடக்கும்போது அது எப்படிக் கரையாமல் நிற்கிறது? அதுதான் மீதிக் கதை.

வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் மைதானம் உண்டு, பீம் உண்டு, அதட்டி வேலை வாங்க உஸ்தாத் உண்டு. அங்கே பழகியவன் சியாச்சினுக்குப் போனால்? உயரத்தில் உள்ள போஸ்ட்டுகளுக்கு ஹெலிகாப்டரில் வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. மண்ணெண்ணெய்க்கும் ரேஷனுக்கும் போக, இரும்புத் தட்டுக்கு ஏது இடம்?

உடம்பில் பலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அலட்சியமாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே, மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் பனி மூடியது. அவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. கல் மாதிரி இறுகிய பனியை மற்ற வீரர்கள் நாள் கணக்கில் வெட்டினார்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11-ல் டெல்லியில் அவரும் போய்விட்டார். மூச்சே முட்டுகிற அந்த உயரத்தில் பனியை வெட்டிய கைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சரி, வெயிட் இல்லாமல் பலம் வருமா? நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. என் அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் 'மொமென்ட்' என்ற வார்த்தையைப் படித்த முதல் ஆள் நான்தான். ஆனால், "மூட்டைய நெஞ்சோட ஒட்டிப் புடி, தள்ளிப் புடிச்சா இடுப்பு போயிடும்" என்று அவர் சொல்வதும் அதே மொமென்ட்தான்! தசைக்கு இரும்பும் தெரியாது, மண்ணும் தெரியாது. அதற்குத் தெரிந்தது லோடு ஒன்றுதான்.

தண்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். கால் விரல் பிவட், உடம்பு லீவர். சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் சுமார் 64 சதவீதம் கைகளில் விழுகிறது. 60 கிலோ ஆளுக்கு 38 கிலோ! முட்டியை ஊன்றி எடுத்தால் அது 49 சதவீதமாகக் குறையும். காலை 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் 74 ஆக ஏறும். அதே உயரத்தில் கையை வைத்தால் 41 ஆக இறங்கும். ஒரு காசு செலவில்லாமல் லோடை ஏற்றலாம், இறக்கலாம். பஸ்கியும் அப்படித்தான். இரண்டு கால் பங்கிட்டதை ஒரே காலுக்குக் கொடுத்துப் பாருங்கள், தொடை பேசும்!

நம் ஹாஸ்டல் பயில்வான்கள் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். "நான் நூறு தண்டால் எடுப்பேன்" என்பது தம் கட்டும் திறமை. பலம் வேண்டுமானால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது, கடினத்தைக் கூட்ட வேண்டும். முப்பது சுலபமாக வருகிறதா? காலை உயர்த்து, மெதுவாக இறங்கு, முதுகில் பிட்டு மாட்டு. 20 லிட்டர் ஜெரிகேனில் தண்ணீர் ரொப்பினால் 20 கிலோ. மணல் மூட்டைக்கு எல்லையில் பஞ்சமே இல்லை. அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நடப்பது காயம்பட்டவனைச் சுமப்பதற்கு நேரான பயிற்சி. மூட்டையும் ஆள் மாதிரியே வழுக்கும், சரியும்.

பீமுக்கு மாற்று மட்டும் கஷ்டம். உறுதியான விட்டமோ மரக்கிளையோ கிடைத்தால்தான் உண்டு. (ராணுவ ராலிக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: பீமில் 10 இழுத்தால்தான் முழு 40 மார்க், 6 கூட வராவிட்டால் பெயில்.) ஒன்றுகூட இழுக்க வராதவர் குதித்து மேலே போய், மெதுவாக, ஐந்து எண்ணி இறங்கட்டும். இறங்கும்போதும் தசை வேலை செய்கிறது.

நிற்கவே இடமில்லாத பங்கரில்? சுவரை முழுப் பலத்தோடு தள்ளலாம், துண்டை மிதித்துக்கொண்டு இழுக்கலாம். எதுவும் அசையாது, ஆனால் தசை இறுகும். குறை என்னவென்றால், எந்தக் கோணத்தில் இறுக்குகிறோமோ பெரும்பாலும் அந்தக் கோணத்தில்தான் பலம் ஏறும். ஆகவே இரண்டு மூன்று கோணத்தில் செய்ய வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி. பலத்தை வளர்க்கத்தான் அதிக உழைப்பு வேண்டும். வந்ததைக் காப்பாற்ற அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். வாரம் ஒன்றிரண்டு நாள் செய்தாலும் சரி, ஆனால் லோடைக் குறைக்கக் கூடாது. மாற்றி மாற்றி டியூட்டி பார்க்கிற ஜவானுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் உயரத்தில் சட்டமே வேறு. 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். பசி போய்விடும், சதை தானாகவே கரையும். அங்கே தேறுவதற்குப் பயிற்சி கிடையாது, தேயாமல் இருப்பதற்குத்தான். உள்ளுடை நனையும் அளவுக்கு வேர்க்க விடக் கூடாது, அந்த ஈரமே குளிர்ந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே போகிறவனை ராணுவம் எடுத்த எடுப்பில் ஓட விடுவதும் இல்லை. 9,000 அடி தாண்டியதும் ஆறு நாள், 12,000 தாண்டியதும் நாலு நாள், 15,000 தாண்டியதும் நாலு நாள் என்று உடம்பைப் பழக்குகிறார்கள். ஆறு நாளில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. எப்பேர்ப்பட்ட பயில்வானாக இருந்தாலும் அந்த இரண்டு நாளும் தண்டால் கிடையாது.