மின்சாரம் போகிற அந்த ஒரு நொடி!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் இருக்கின்றன. பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள். பட்டறை எவ்வளவு சிறிதானாலும் ஒரு மூலையில் மேஜை இருக்கும். மேஜை மேல் கணினி இருக்கும். அதன் முன்னால் கணக்குப் பிள்ளை இருப்பார். லாரி வாசலில் நிற்கிறது. பில் போட்டாக வேண்டும். அவர் எண்களைத் தட்டிவிட்டு, கணக்கைச் சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார். அதே வேளையில் மின்சாரம் போய் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

போகிற மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? வடசென்னை அனல்மின் நிலையம் இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில்தான் இருக்கிறது. தான் பிறந்த மாவட்டம் என்பதற்காக மின்சாரம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் வீசியபோது இந்தப் பக்கத்து ஊர்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. ஆனால் ஒன்று: கணினியில் உள்ள கணக்குக்கு நாள் கணக்கான இருட்டு ஒரு பொருட்டே அல்ல. அதற்கு எமன், விளக்கு அணைகிற அந்த முதல் நொடிதான்.

"யு.பி.எஸ். இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. அதன் பாட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

மின்சாரம் திரும்பி வந்ததும் கணக்குப் பிள்ளை என்ன பார்ப்பார்? பழைய கணக்கு அப்படியே இருந்தால் பிழைத்தார். ஒரு பில்லை மறுபடி போட்டால் போயிற்று. புதிய கணக்கு முழுதாக இருந்தால் இன்னும் நல்லது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை, வெறும் கோப்பு மட்டும் கிடக்கிறது என்றால்? வருஷக் கணக்கு போயிற்று!

கண்ணுக்குத் தெரியாத குமாஸ்தா

இதில் எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது கணினிக்குள் இருக்கும் ஒரு குமாஸ்தா. அவனுக்குக் 'கோப்பு முறை' என்று பெயர். எந்தக் கோப்பு வட்டின் எந்த மூலையில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, நீளம் எவ்வளவு, எந்த இடம் காலி என்று சகலத்தையும் எழுதி வைப்பவன் அவன்.

இங்கே நாம் பேசப் போவது லினக்ஸ் வீட்டுக் குமாஸ்தாவைப் பற்றி. லினக்ஸ் என்பது யாருக்கும் தனிச் சொத்தாகாத, உலகமெங்கும் உள்ளவர்கள் கூடி எழுதி வளர்க்கும் கணினி இயக்க முறை. நமக்கு அது அந்நியம் அல்ல. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்சும் இருந்தது. அது கிடக்கட்டும், உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால், அதற்குள் ஓடுவதும் லினக்சின் கருவே.

சிட்டையும் பேரேடும்

பழைய மளிகைக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நடந்ததை நடந்தபடி முதலில் சிட்டையில் குறிப்பார்கள். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் எழுந்து போக நேர்ந்தாலும் பயமில்லை. சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

லினக்சின் குமாஸ்தாவுக்கு இந்தப் புத்தி வெகு நாட்கள் இல்லை. 1993-ல் வந்த 'எக்ஸ்ட்-2' என்ற கோப்பு முறை நேராகப் பேரேட்டிலேயே எழுதியது. இடையில் மின்சாரம் போனால், மறுபடி கணினியைத் திறக்கும்போது வட்டு முழுவதையும் ஒரு முறை தணிக்கை செய்ய வேண்டும். வட்டு பெரிதாகப் பெரிதாகத் தணிக்கை நேரமும் நீண்டது. ஸ்டீபன் ட்வீடி என்பவர் சிட்டை முறையைப் புகுத்தினார். அதுதான் 'எக்ஸ்ட்-3'. 2001-ம் ஆண்டு நவம்பரில் லினக்சின் மூலப் பிரதியில் அது சேர்ந்தது.

2008-ம் ஆண்டு டிசம்பரில் 'எக்ஸ்ட்-4' முழு உபயோகத்துக்குத் தயார் என்று வந்தது. அதில் ஒரு புதிய வசதி: எழுதச் சொன்னதை உடனே எழுதாமல், கொஞ்சம் சேர்த்து வைத்து, பிறகு வட்டில் ஒரே இடமாகப் பார்த்து எழுதுவது. வேகம் கூடியது. ஆனால் சில மாதத்திற்குள் புகார் கிளம்பியது. கணினி திடீரென நின்று போனால், மறுபடி திறக்கும்போது சில கோப்புகள் பெயரோடு மட்டும் இருக்கின்றன. உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை!

காரணம் வேடிக்கையானது. பல செயலிகள் புதுக் கோப்பை எழுதி, அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டிவிடும். பழையது அத்துடன் மறைந்துவிடும். புதிய குமாஸ்தா பெயர் மாற்றத்தை முதலில் பதிந்தான். உள்ளே எழுத வேண்டியதைப் 'பிறகு ஆகட்டும்' என்று வைத்திருந்தான். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

எக்ஸ்ட்-4 பொறுப்பாளர் தியோடர் சோ சொன்னது: "கட்டாயம் வட்டில் ஏற வேண்டும்" என்று செயலிகள்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது. அதற்கென்று 'எஃப்சிங்க்' என்றோர் ஆணை இருக்கிறது. சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் கோப்பை இழந்தவனிடம் சட்டம் பேசி என்ன பயன்? இதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். 2009-லேயே, பெயர் மாற்றும் வேளையில் உள்ளடக்கத்தையும் வட்டுக்குத் தள்ளிவிடும் திருத்தத்தை அவரே சேர்த்தார்.

புது வசதிக்கு மூன்று பூட்டு

ஒரு புது வசதியைச் சேர்ப்பது லேசான காரியமல்ல. வட்டின் தலைப்பக்கத்தில் 'இதில் இன்னின்ன வசதிகள் உண்டு' என்று குறி போட்டு வைக்கிறார்கள். குறிகள் மூன்று ஜாதி. முதல் ஜாதிக் குறி புரியாவிட்டாலும் பழைய லினக்ஸ் அந்த வட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டாவது புரியாவிட்டால் படிக்கலாம், எழுதக் கூடாது. மூன்றாவது புரியாவிட்டால் வட்டைத் தொடவே கூடாது. பாஷை தெரியாத குமாஸ்தா பத்திரத்தில் கை வைக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

2020 டிசம்பரில் வந்த லினக்ஸ் 5.10-ல் எக்ஸ்ட்-4-க்கு 'விரைவுப் பதிவு' என்ற வசதி சேர்ந்தது. சிட்டையில் பக்கம் பக்கமாக எழுதாமல், மாறியதை மட்டும் சுருக்கமாகக் குறிக்கும் முறை இது. சிட்டை சுருங்கினால் வேலை வேகம். ஆனால் சுருக்கிக் குறித்ததைப் பிறகு சரியாக விரித்துப் படிக்க வேண்டுமே! அந்த இடத்தில் பிழைகள் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன.

வசதியை எழுதுகிறவர் ஒரு பங்கு உழைத்தால் சோதிப்பவர் பல பங்கு உழைக்க வேண்டும். இதற்கென்று ஒரு பெரிய சோதனைத் தொகுப்பே இருக்கிறது. சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனி தன் 'எக்ஸ்.எஃப்.எஸ்.' கோப்பு முறைக்காக ஆரம்பித்தது அது. இன்று எல்லா லினக்ஸ் கோப்பு முறைகளுக்கும் அதுவே உரைகல். மின்சாரம் போவதை நடித்துக் காட்டவும் தந்திரங்கள் உண்டு. வட்டுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும் வரிசையாகப் பதிவு செய்து, 'இந்த இடத்தில் விளக்கு அணைந்தது' என்று வைத்து, அதுவரை எழுதியதை மட்டும் திரும்ப வட்டில் ஏற்றிப் பார்ப்பது அவற்றில் ஒன்று.

தாணுமாலயன் கேட்ட கேள்வி

இந்த இடத்தில்தான் நம் காதுக்குப் பழகிய பெயர்கள் வருகின்றன. 2014-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. அதை எழுதியவர்களில் முதல் பெயர் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை. தாணுமாலயன் என்றாலே சுசீந்திரம் கோயில் நினைவுக்கு வருகிறதல்லவா? அடுத்த பெயர்கள் விஜய் சிதம்பரம், ராம்நாதன் அழகப்பன். அவர்களுடைய பேராசிரியர்களும் சகாக்களும் உடன் எழுதியவர்கள்.

அவர்கள் கேட்டது எளிய கேள்வி. எல்லாக் கோப்பு முறைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பி எழுதப்பட்ட செயலிகளின் கதி என்ன? ஒரு கோப்பு முறை வரிசை தவறாமல் எழுதும். இன்னொன்று முன்பின்னாக எழுதும். உலகமெங்கும் புழங்கும் 11 மென்பொருள்களை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் தரவுத் தளங்களும் இருந்தன. 60 இடங்களில் ஓட்டை கண்டார்கள்.

குரங்கு கையில் பூமாலை

விஜய் சிதம்பரம் பின்னர் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். 2018-ல் அங்கிருந்து இன்னொரு கட்டுரை. எழுதியவர்கள் ஜெயஸ்ரீ மோகன், ஆஷ்லி மார்ட்டினெஸ், சௌஜன்யா பொன்னபள்ளி, பாண்டியன் ராஜு, விஜய் சிதம்பரம். இம்முறை செயலிகளை விட்டுக் கோப்பு முறையையே கூண்டில் ஏற்றினார்கள்.

முதலில் பழைய குற்றப் பத்திரிகைகளைப் புரட்டினார்கள். கடந்த 5 ஆண்டுகளில் லினக்ஸ் கோப்பு முறைகளில், மின்சாரம் போகும்போது தலைகாட்டும் பிழைகள் என்று பதிவானவை 26. படித்தபோது ஓர் உண்மை தென்பட்டது. இந்தப் பிழைகளை வெளிக்கொணரப் பெரிய பெரிய காரியங்கள் வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்கு, புத்தம் புது வட்டில் 3 அல்லது அதற்கும் குறைவான செயல்கள் போதும். ஒரு கோப்பை உண்டாக்கு, பெயரை மாற்று, வட்டில் ஏற்று, மின்சாரத்தை நிறுத்து. அவ்வளவுதான்!

அந்த ஆண்டு பிப்ரவரியில் 'பட்டர் எஃப்.எஸ்.' என்ற கோப்பு முறையில் பதிவான பிழை ஒன்றைப் பாருங்கள். நம் வீடுகளில் ஒரே பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இருப்பதுபோல் லினக்சில் ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் வைக்கலாம். ஒரு கோப்பை உண்டாக்கி, இரண்டாவது பெயரும் வைத்து, எல்லாவற்றையும் வட்டில் ஏற்றியாயிற்று. பிறகு அந்த இரண்டாவது பெயரை நீக்கிவிட்டு, அதே பெயரில் வேறொரு புதுக் கோப்பை உண்டாக்கி, அதையும் வட்டில் ஏற்றியதும் மின்சாரம் போகிறது. முடிவு? அந்தக் கோப்பு கெட்டதா என்றால் இல்லை. வட்டையே திறக்க முடியவில்லை! உள்ளே இருந்த அத்தனை கோப்பும் வெளியே வர வழியில்லாமல் நின்றன.

சிறிய செயல்களே போதும் என்றால், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்து பார்த்தால் என்ன? இந்த யோசனைதான் அவர்களுடைய பலம். செயல்களின் சேர்க்கைகளைத் தானே தயாரித்துக் கொடுக்க ஒரு கருவி. ஒவ்வொன்றின் நடுவிலும் மின்சாரத்தைப் பறித்துப் பார்க்க இன்னொரு கருவி. இரண்டாவதற்குக் 'கிராஷ் மங்கி' என்று பெயரிட்டார்கள். மங்கி என்றால் குரங்குதான். குரங்கு கையில் பூமாலையைத் தெரிந்தே கொடுத்து, எந்த இழையில் அறுகிறது என்று பார்க்கிற வேலை!

சுமார் 33 லட்சத்து 70 ஆயிரம் சேர்க்கைகள். 65 இயந்திரங்களில், அவற்றுக்குள்ளே 780 மாயக் கணினிகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். சுமார் 2 நாளில் முடிந்தது. மனிதன் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் சுவிட்சைத் தட்டினால் எத்தனை ஆயுள் வேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிடட்டும்.

பழைய 26 பிழைகளில் 24 இவர்கள் வலையில் மறுபடி சிக்கின. அது வலை நல்ல வலை என்பதற்கு அத்தாட்சி. அத்துடன் யாரும் அறியாத 10 புதிய பிழைகளும் சிக்கின. அவற்றில் 7, 2014 முதல் லினக்சுக்குள்ளேயே குடியிருந்தவை. நான்கு ஆண்டுகள்! நிபுணர்கள் படித்த, சோதனைகள் தேறிய, ஊரெங்கும் ஓடிய நிரல் அது. இன்னொரு விந்தை: எம்.ஐ.டி.யில் கணித முறைப்படி 'பிழை இல்லை' என்று நிரூபித்துக் கட்டிய ஒரு கோப்பு முறையிலும் ஒரு பிழை அகப்பட்டது. நிரூபணம் தப்பல்ல. நிரூபணத்துக்கு வெளியே வேகத்துக்காகச் சேர்த்த பகுதியில் பிழை ஒளிந்திருந்தது.

பாதிப்பு என்ன என்று கேட்டால், 'பத்திரமாக வட்டில் ஏறிவிட்டது' என்று குமாஸ்தா உறுதி சொன்ன பிறகும் கோப்பு காணாமற் போவது. கும்மிடிப்பூண்டிக் கணக்குப் பிள்ளை தன் பங்குக்கு எல்லாம் சரியாகவே செய்திருப்பார். அவர் மேல் ஒரு குற்றமும் இருக்காது.

குரங்கு கண்டெடுத்த சோதனைகளில் சில, முன்னே சொன்ன பொதுச் சோதனைத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்று அதே இரட்டைப் பெயர் விவகாரம்தான். ஒரு கோப்புக்கு இரண்டாவது பெயர் வை. இரண்டில் ஒரு பெயரைச் சொல்லி வட்டில் ஏற்று. மின்சாரத்தைப் பிடுங்கு. திரும்ப வந்து பார்க்கும்போது இரண்டு பெயரும் இருக்கின்றனவா?